சுடாத கை

"சுடாத மண்ணு எதுவா இருந்தாலும் தொட்டியில போடு. சுட்டதத் தொடாத." பூமாலை வேலைக்குச் சேர்ந்த அன்று அன்புச்செல்வி சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். அலமாரி மேல்தட்டில் இருந்ததைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தால் அழுகை வரும், விட்டுவிட்டாள்.

வானூருக்குப் பக்கத்தில் ஜெகதீசன் நடத்தும், மண்பாண்டம் செய்யக் கற்றுத்தரும் பாட்டரி ஸ்டூடியோவில் மண் தயாரிப்பது அன்புச்செல்வியின் வேலை. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் கோணல்மாணலாகச் செய்துவிட்டுப் போகும் கிண்ணங்கள், சீவி எறிந்த துண்டுகள், எல்லாம் காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும். ஊறியதைக் கலக்கிச் சல்லடையில் வடித்து, ஈரம் உறிஞ்சும் பலகையில் பரப்பிப் பிசைந்தால் மறுபடி மண். இங்கே வீணாகாதது மண் ஒன்றுதான் என்று கிண்டலடிப்பாள். அதெல்லாம் யாழினி இருந்தபோது.

யாழினி அவள் மகள். ஸ்கூல் லீவில் ஒருநாள் கூடவே வந்தவள், ஈர மண்ணை வில்லையாகத் தட்டி உள்ளங்கையை அழுத்தினாள். கழுத்துப் பாசியிலிருந்து ஒரு நீல மணியைப் பிய்த்து நடுவில் பதித்தாள். அந்த மழைக்காலமே காய்ச்சல் வந்து பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது. அப்புறம் தினமும் வேலைக்கு வந்ததும் மேல்தட்டிலிருந்து அந்த வில்லையை எடுத்து, குழிந்த விரல்களில் தன் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முந்தானையைச் செருகுவாள். பஸ் நெரிசலில் உடைந்துவிடுமென்று வீட்டுக்கும் எடுத்துப்போகவில்லை.

"சூளையில வச்சுடலாம்மா, கெட்டியாயிடும்" என்று ஜெகதீசன் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார்.

"வேணாங்க சார். புள்ளைய மண்ணுலதான் வச்சோம். இத மட்டும் நெருப்புல வைக்கணுமா?"



அமாவாசைக்கு லீவு போட்டு மேல்மலையனூர் போனாள். அங்காளம்மனிடம் கேட்க ஒன்றும் மிச்சமில்லை. அழுதுவிட்டு வந்தாள். மறுநாள் பஸ் லேட். அலமாரிப் பக்கம் போகாமல் நேரே தொட்டிக்கு ஓடினாள். கட்டியே இல்லாமல் கூழாக ஊறியிருந்தது. முழங்கைவரை விட்டுக் கலக்கினாள், சல்லடையில் ஊற்றித் தேய்த்தாள். உள்ளங்கைக்கடியில் ஏதோ உருண்டது. கல் என்று நினைத்து எடுத்தாள்.

நீல மணி.

திரும்பி அலமாரியைப் பார்த்தாள். மேல்தட்டு துடைத்துச் சுத்தமாக இருந்தது.

"இன்னாக்கா அப்டிப் பாக்குற?" என்றாள் பூமாலை. "நேத்து நாந்தான் எல்லாத்தையும் ஒழிச்சேன். எந்தப் புள்ளையோ கைய வச்சிட்டுப் போன வில்லை ஒண்ணு மேல கெடந்துச்சு. நல்லாக் காஞ்சிருந்துச்சுக்கா. போட்டதும் பொலபொலன்னு கரைஞ்சிடுச்சு."

பெருமையாகத்தான் சொன்னாள், பாவம். அவள்மேல் கோபப்படக்கூட அன்புச்செல்விக்கு வழியில்லை. சொல்லிக்கொடுத்தது யார்? ஈரம் படாமல் பொத்திப் பொத்திக் காயவைத்தது யார்? காய்ந்த மண்தான் சட்டென்று கரையும் என்பது அவளுக்குத் தெரியாததா? நெருப்பு ஒன்றுதான் அந்தக் கையைக் காப்பாற்றியிருக்கும். அதைத்தான் வேண்டாமென்றாள். மிச்சம் மீதி இருந்திருந்தால், அதையும் இப்போது அவளே கலக்கிவிட்டாள். இந்தத் தொட்டியில் எந்தக் கை மண் அவள் பிள்ளையுடையது?

"நல்லாத்தான் பண்ணியிருக்க" என்றாள்.

"ஜல்தியாப் பரப்புக்கா. சாயங்காலம் கிளாஸு இருக்குது."

பலகையில் ஊற்றினாள். மணியை இடது கையில் இறுக்கிக்கொண்டு, வலது உள்ளங்கையைக் கூழில் அழுத்தினாள். எடுத்ததும் மண் வழிந்து மூடிக்கொண்டது. மறுபடியும் அழுத்தினாள். அதுவும் நிற்கவில்லை.