சக்கரத்துக்கு வைத்த கல்

"மோருல உப்பே இல்லம்மே" என்று இருசப்பன் சொம்பைத் திருப்பி நீட்டினான். அவன் மனைவி பொன்னி உப்பெடுக்க உள்ளே போனாள்.

அந்தப் பழைய டிராக்டரை அவர்கள் கீழ்பென்னாத்தூரில் பார்த்தது தொண்ணூற்றாறு தை மாதத்தில். விலை படிந்துவிட்டது. வாங்கினால் ரிப்பேருக்கு எவ்வளவு இழுக்கும் என்பதுதான் பயம். கூட வந்த மெக்கானிக் அன்பரசன் வண்டியைக் குடைந்து பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தான்.

"எஞ்சின் பொகை தள்ளுதுண்ணா, ரிங்கு மாத்தணும். பின் டயரு ரெண்டும் மொட்டை. செல்ஃப் மோட்டார் அவுட்டு. கை பிரேக்கும் நிக்கல. எல்லாம் பண்ணா வண்டி வெலையில பாதி ஆவும்."

"எது இல்லாம ஓட்டலாம், அத்த சொல்லு" என்றான் இருசப்பன்.

"டயரும் ரிங்கும் இல்லாம உழ முடியாது."

"அப்ப செல்ஃபும் பிரேக்கும் மல்லாட்ட வித்துட்டுப் பாத்துக்கலாம்."

பொன்னிக்கு மனம் ஒப்பவில்லை. "ஏங்க, தெனம் யாரு தள்ளுறது?"

"எதுக்குத் தள்ளணும்? நம்ம ஊரு அடி அண்ணாமலையில வாசலே சரிவு. உருண்டா தானா ஸ்டார்ட் ஆவும். மலை ஓசியில குடுத்த செல்ஃபு."

அன்பரசன் சிரிக்கவில்லை. "ஒருத்தர் சீட்டுல இருக்கணும், இன்னொருத்தர் சக்கரத்துக்கு வெச்ச கல்ல இழுக்கணும். தனியா செய்யாதீங்கண்ணா."

"அதுக்குத்தான இவளக் கட்டிக்கினேன்."

அப்படித்தான் நடந்தது. காலையில் அவன் கால் பிரேக்கை மிதித்தபடி சீட்டில் உட்காருவான். பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லில் கயிறு கட்டியிருந்தது. பொன்னி பக்கவாட்டில் நின்று அதை இழுப்பாள். வண்டி உருண்டு, இருமி, பிடித்துக்கொள்ளும்.

மோரில் உப்பில்லாத அன்று வானம் கருத்திருந்தது. பிடுங்கிய மல்லாட்டைக் கொடி வேர்க்கடலையோடு கொல்லையில் அப்படியே கிடந்தது. நனைந்தால் போச்சு.

உப்பு ஜாடியில் கை இருந்தபோதே சரளையில் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. எஞ்சின் பிடிக்கும் சத்தத்துக்காக அவள் காத்திருந்தாள். அது வரவில்லை.

வெளியே வந்தபோது டிராக்டர் கீழே புங்கமரத்தில் முட்டி நின்றது. கல்லை இழுத்துவிட்டு, ஓடுகிற வண்டியில் ஏறப் பார்த்திருக்கிறான். கால் தவறிச் சக்கரத்துக்கு அடியில் போய்விட்டான். பொன்னி உட்கார்ந்து அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மூச்சு இல்லை. உப்பு ஒட்டிய விரல்களோடு அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மழை வந்தது.

வண்டியைச் செங்கத்துக்காரர் ஒருவர் வாங்கினார். முதல் வேலையாகச் செல்ஃபையும் கை பிரேக்கையும் சரிசெய்துவிட்டுத்தான் ஓட்டிப்போனார். சாவியைத் திருகியதும் பிடித்துக்கொண்டது. பொன்னி கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டாள்.

கல்லை யாரும் எடுக்கவில்லை. மழை பெய்தால் வாசல் தண்ணீர் இன்றும் அதைச் சுற்றிக்கொண்டுதான் கீழே இறங்குகிறது.