சித்ரா பௌர்ணமியில ஒரு கடைசி பேப்பர்

ஊருக்கே பௌர்ணமி தேதி சொல்ற பொம்பள, தானே அந்தத் தேதியில போயி மாட்டிக்கிட்டா. இத எங்க போயி சொல்றது!

அருணாதேவிக்கு திருவண்ணாமலையில ஒரு லாட்ஜ் ரிசப்ஷன்ல வேலை. ஒரு மாசமா போன்ல ஒரே பாட்டுதான். "சித்ரா பௌர்ணமி ஞாயித்துக்கிழமை ராத்திரி ஆரம்பிச்சு திங்கக்கிழமை ராத்திரி வரைக்கும் இருக்குதுங்க. ரூம் எல்லாம் ஃபுல்லுங்க." அதே திங்கக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு அவளுக்குப் பரீட்சை. கூட்டமெல்லாம் ஞாயித்துக்கிழமை ராத்திரியே சுத்திட்டு விடியக்காலம் பஸ் ஏறிடும்னு அவ கணக்கு. வீட்டுக்காரன் சரவணகுமாரும் "ஆமா ஆமா"ன்னு தலையாட்டினான். ரெண்டு பேரும் பொறந்ததுலேருந்து பாக்கற கூட்டம்!

பரீட்சையும் லேசுப்பட்ட பரீட்சை இல்ல. தபால்ல பி.பி.ஏ. மார்க்கெட்டிங் படிக்கிறா. மூணு வருஷப் படிப்பு, இழுத்துப் புடிச்சா ஆறு வருஷத்துக்குள்ள முடிக்கணும், அதுக்கு மேல பதிவே செல்லாது. இது ஆறாவது வருஷம், கடைசி வாய்ப்பு. மத்த எல்லா பேப்பரும் பாஸ். சந்தை ஆய்வுன்னு ஒண்ணு மட்டும் மூணு தடவை கவுத்துடுச்சு. நாப்பது எடுத்தா பாஸ், அவ எடுத்தது முப்பத்தொண்ணு, முப்பத்திநாலு, முப்பத்திமூணு. இத விட்டா ஆறு வருஷமும் குப்பையில. "என்னம்மா படிச்சிருக்க?"ன்னு யாராவது கேட்டா, "படிச்சிட்டிருக்கேங்க"ன்னு சொல்லிச் சொல்லி அவளுக்கே வெக்கமா இருந்துச்சு.

கீழ்பென்னாத்தூர்ல இருக்கற வீட்டுலேருந்து பன்னெண்டு மணிக்கு பைக்ல கெளம்பினாங்க. திருவண்ணாமலை எல்லையிலிருந்தே வண்டி நவுரல. மலை சுத்தற பாதையில ஈசான்ய லிங்கத்துகிட்ட வந்து சேரும்போது ஒண்ணே முக்கால். தடுப்பு போட்டிருந்தாங்க.

"இதுக்கு மேல வண்டி போவாது"ன்னா பெண் போலீஸ்.

பரீட்சை நடக்கற காலேஜ் காஞ்சி ரோட்டுப் பக்கம், கிரிவலப் பாதையில ரெண்டரை கிலோமீட்டர். அரை மணி லேட்டா போனாலும் விடுவாங்க, அதுக்கு மேல கேட்டை மூடிடுவாங்க. ஆனா அங்கேருந்துதான் மொத்த ஜனமும் இவளைப் பாத்து வந்துட்டிருக்கு. போறதுன்னா எதிர்ல போவணும். முறைப்படி சுத்திட்டுப் போறதுன்னா ராத்திரி ஆயிடும்.

"எதிர்ல வாணாம் அருணா. போனா போவட்டும்"னு இழுத்தான் சரவணகுமார்.

"போனா போவட்டுமா? ஆறு வருஷம்யா!"

மலையை எதிர்ல சுத்தறது ஆவாதுன்னு அவளுக்கும் பயம்தான், இல்லன்னு சொல்ல முடியாது. மாசம் தவறாம மலை சுத்தற குடும்பம். ஹால் டிக்கெட்டை போலீஸ்கிட்ட நீட்டினா. அந்தப் பொண்ணு அதையும் பாத்துட்டு இவ மூஞ்சியையும் பாத்துட்டு, "ஓரமா போ"ன்னு தடுப்பை நவுத்தினா. 'அண்ணாமலையாரே, கோச்சுக்காத'ன்னு செருப்பைக் கழட்டி கையில எடுத்துக்கிட்டு, வீட்டுக்காரனை வண்டியோட அங்கயே விட்டுட்டு எறங்கினா அருணாதேவி. சித்திரை வெயில்ல தார் ரோடு தோசைக்கல்லா காஞ்சிருந்துச்சு.

"ஏம்மா, சாவுக்குத்தான் இப்படி எதிர்ல சுத்துவாங்க! அறிவில்ல?"ன்னு ஒரு அம்மா கத்திச்சு. நாலடி வெக்கறதுக்குள்ள தோள்பட்டையில பத்து இடி. இப்படிப் போனா அஞ்சு மணிக்குத்தான் சேருவோம்னு அழுகையே வந்துடுச்சு.

அப்பதான் கவனிச்சா. மலையோரம் காலியா கெடக்குது! சுத்தறவங்க இடது பக்கமாத்தான் நடப்பாங்க. மலைப்பக்கம் சித்தருங்களும் தேவருங்களும் நடக்கற எடம்னு விட்டுடுவாங்க. இவளும் நூறு தடவை அப்படித்தான் விட்டு நடந்திருக்கா. "மன்னிச்சிக்கங்க சாமி"ன்னு முணுமுணுத்துக்கிட்டு சித்தருங்க பக்கத்துல ஓட ஆரம்பிச்சா.

வழியில அந்த மலையோரத்துலயே ஒரு மோர் வண்டி. வண்டிக்காரம்மா ஜோதியம்மாள் பானை நெறய மோரை வெச்சிக்கிட்டு ஈ ஓட்டிட்டிருந்தா. மூச்சிரைக்க வந்தவளைப் பாத்து ஒரு டம்ளர் நீட்டினா. கொத்தமல்லி, இஞ்சி, அருமையான மோர். நேர் எதிர்ல, கூட்டம் நடக்கற பக்கம், இன்னொரு மோர் வண்டி. அங்க தள்ளுமுள்ளு.

"எனுது இன்னா கசக்குதா கண்ணு? அவனுதும் பத்து ரூபா, எனுதும் பத்து ரூபா"ன்னா ஜோதியம்மாள். காசு வாங்க மாட்டேன்னு சொல்லிட்டா. டம்ளரை வெச்சுட்டு இவ மறுபடி ஓட்டம்.

கேட்டுக்குள்ள நுழையும்போது ரெண்டு இருவத்தேழு. உள்ளங்கால் ரெண்டும் கொப்பளம்.

கேள்வித்தாளைப் பிரிச்சா. பதினைஞ்சு மார்க் கேள்வி: 'நேரில் கவனித்தல் முறை, கேட்டறியும் முறையைவிட எப்போது சிறந்தது? எடுத்துக்காட்டுடன் விளக்குக.' மூணு தடவையும் புத்தகத்துல இருந்ததை மனப்பாடமா கக்கிட்டு வந்த கேள்வி. இந்தத் தடவை மனப்பாடம் மண்டைக்கு வரவேயில்ல. ரெண்டு மோர் வண்டிதான் வந்து நின்னுச்சு.

எழுதினா. ரெண்டும் ஒரே மோர், ஒரே விலை. வாங்கறவங்களைக் கேட்டா 'இங்க ருசியா இருக்கு'ம்பாங்க. அது நெசம் இல்ல. மலைப்பக்கம் கால் வெக்கக் கூடாதுன்னு பழகிட்டாங்க, அது அவங்களுக்கே தெரியாது. கூட்டத்தோட நடந்தா முன்னாடி போறவன் முதுகுதான் தெரியும். எதிர்ல வந்தாத்தான் இது கண்ணுல படும். கை வலிக்க நாலு பக்கம் எழுதினா. மத்த கேள்விக்கும் லாட்ஜ், பூக்கடை, ஆட்டோ ஸ்டாண்டுன்னு பாத்ததையே எழுதித் தள்ளினா.

அஞ்சு மணிக்கு வெளிய வந்து, செருப்பைக் கையில புடிச்சிக்கிட்டு, கூட்டத்தோட ஒழுங்கா இடது பக்கம் நடந்தா. ஜோதியம்மாளோட பானை கொறையவே இல்ல. அருணாதேவி ரோட்டைக் குறுக்க தாண்டிப் போயி வண்டியில கை வெச்சா.

"யம்மா, தள்ளு. அந்தப் பக்கம் போவலாம்."

"அவன் அடிக்க வருவான்டி!"

"அவனைத் தாண்டி நூறடி தள்ளி நிறுத்தலாம். தள்ளும்மா!"

ரெண்டு பேருமா கூட்டத்தைக் கிழிச்சிக்கிட்டு வண்டியைத் தள்ளினாங்க. நிறுத்தி மூடியைத் தொறக்கல, அதுக்குள்ள ஆறு கை நீண்டுச்சு. முக்கா மணி நேரத்துல பானை காலி. ஜோதியம்மாளுக்கு வாயெல்லாம் பல்லு.

"யார்றி நீ? இன்னா படிச்சிருக்க?"

ஆறு வருஷமா பழகின பதில் தொண்டை வரைக்கும் வந்துச்சு. அருணாதேவி அதை முழுங்கினா.

"பி.பி.ஏ. மார்க்கெட்டிங்மா. முடிச்சிட்டேன்."

ரிசல்ட் ஜூலையிலதான் வந்துச்சு. அறுபத்தாறு. வீடே துள்ளிக் குதிச்சுது. அவளுக்கு அது பழைய சேதி.