கடிகாரக்காரர் படத்தின் முதல் பாதி

பென் டிரைவைத் தொலைக்காட்சியில் செருகப் போன பாப்புவின் கையை அப்பா பிடித்து நிறுத்தினார். பிடித்த கையை விடாமல் அவளைச் சமையலறைக்கு இழுத்துப் போய், கதவைச் சாத்தி, குழாயையும் திறந்துவிட்டார். அந்தச் சத்தத்தில் பேச்சு வெளியே கேட்காதாம். எழுபத்திரண்டு வயது மனிதர் இப்படிப் பயந்து அவள் பார்த்ததில்லை.

"படம் கிடைக்கலைன்னு அம்மாகிட்ட சொல்லிடேன்," என்றார்.

"கிடைச்சிடுச்சுன்னு நேத்தே சொல்லிட்டேனேப்பா."

"அப்ப ஓட மாட்டேங்குதுன்னு சொல்லு."

பாப்பு குழாயை மூடினாள். பாப்பு என்பது வீட்டில் மட்டும்தான்; முப்பத்தெட்டு வயதில் ஊரெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள், வெளியே எல்லோருக்கும் அவள் மேடம். அம்மாவுக்கு இனி ஒரு நாளோ இரண்டு நாளோதான் என்று காலையில் வந்த நர்ஸ் அவளை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். நர்ஸுக்குக் குரல் கொஞ்சம் பெரிது. கட்டிலில் இருந்தபடியே கேட்டுவிட்ட அம்மா, அப்படியானால் இன்றைக்கே பார்த்துவிடலாம், நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம் என்றாள். அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். கடிகாரக்காரர் படத்தின் முதல் பாதி.

அம்மா இருபத்தேழு வருடம் ஒரு தியேட்டரில் டிக்கெட் கொடுத்தவள். அப்பா அதே தியேட்டரில் ஆப்பரேட்டர், அதாவது மேலே அறையில் இருந்து படம் ஓட்டுபவர். முதலாளிக்குப் பழைய படப் பைத்தியம். பரிசு வாங்கிய, பத்திரிகைகள் கொண்டாடிய பழைய குடும்பக் கதைகளாகத் தேடிப் பிடித்து மாற்றி மாற்றிப் போடுவார். பாதிப் படத்துக்கு வருகிறவரைக்கூடத் திருப்பி அனுப்பக் கூடாது, இடைவேளை முடிகிறவரை கவுன்டர் திறந்திருக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். அதனால் அம்மா பார்த்ததெல்லாம் இரண்டாம் பாதிகள். இடைவேளை முடியும்போது அப்பா மேலேயிருந்து முன்கூடத்து விளக்கை இரண்டு முறை அணைத்து ஏற்றுவார். அம்மா கவுன்டரைப் பூட்டிக்கொண்டு வந்து, கதவோரத்துக் கடைசி நாற்காலியில் உட்காருவாள். அவள் உட்கார்ந்துவிட்டாளா என்று சுவர் ஓட்டை வழியாகப் பார்த்துவிட்டுத்தான் அப்பா படத்தை ஓட்டுவார். ஜனங்கள் விசிலடிப்பார்கள், முதலாளி ஆள் அனுப்புவார். அப்பா அசையமாட்டார்.

யார் எப்படிச் செத்தார்கள் என்று அம்மாவுக்குத் தெரியும், ஏன் செத்தார்கள் என்று தெரியாது. அதற்காக அபிப்பிராயம் சொல்லாமல் இருந்துவிடுகிற ஆள் இல்லை அவள். பதினோரு பரிசு வாங்கிய ரயில் படத்துக்கு அவள் நூற்றுக்கு முப்பது மார்க்குக்கு மேல் கொடுத்ததில்லை. சாகிறவன் சாகட்டும், அதற்கு எதற்கு இத்தனை வயலின் என்பாள். அக்காவும் தங்கையும் ஒரே கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும் படத்தில், அந்தக் கோட்டின் நான்காவது பொத்தானை மட்டும் வேறு நிற நூலால் தைத்திருந்தது உலகத்திலேயே அவள் ஒருத்தியின் கண்ணில்தான் பட்டிருக்கும். வாத்தியார் படத்தில் கடைசி இருபது நிமிடம் ஒரு கிழவர் காலி வகுப்பறையில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். ஜனங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்து போவார்கள். அம்மா ஒவ்வொரு காட்சியிலும் அழுதுவிட்டு, முகம் கழுவின மாதிரி பளிச்சென்று வெளியே வருவாள். பிற்பாடு தொலைக்காட்சியில் அந்தப் படங்களின் முதல் பாதிகளைப் பார்த்தபோது அவள் ஊகித்தது முக்கால்வாசி சரியாக இருந்தது. நாலு நாள் அவளைக் கையில் பிடிக்க முடியாது.

கடிகாரக்காரர் படம் மட்டும் தொலைக்காட்சியில் வரவேயில்லை. அதன் கடைசியில் கடிகாரம் ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவர் மகள் வீட்டுக்கு எதிரே கொட்டும் மழையில் நிற்பார். கையில் குடை இருக்கும், விரிக்கமாட்டார். மகள் சன்னல் வழியே பார்ப்பாள். பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிடுவாள். அவ்வளவுதான் படம். அந்த ஆள் ஏதோ செய்திருக்கிறான், ஒரு பெண் சும்மா திரையை இழுக்கமாட்டாள் என்பது அம்மாவின் கட்சி. அவர் பாவம், ஒரு தப்பும் செய்யாதவர், முதல் பாதியைப் பார்த்தவன் சொல்கிறேன் என்பது அப்பாவின் கட்சி. பாப்புவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இந்த வழக்கு நடக்கிறது. சாப்பாட்டு மேஜையில் நடந்திருக்கிறது, பஸ்ஸில் நடந்திருக்கிறது, பாப்புவின் கல்யாண வரவேற்பில் மைக் பக்கத்தில் நின்றுகொண்டும் நடந்திருக்கிறது.

"அம்மா பாக்கட்டுமேப்பா. நீங்க ஜெயிச்சதா இருந்துட்டுப் போகட்டும்," என்றாள் பாப்பு.

அப்பா மூடிய குழாயையே பார்த்தார். "நான் எங்கே ஜெயிக்கிறது? அவ சொன்னதுதான் சரி. முதல் நாளிலேர்ந்து அவ சொன்னதுதான் சரி."

பிறகு சொன்னார். நாற்பத்தொரு வருடத்துக்கு முன்னால், படம் விட்டதும் தியேட்டர் வாசல் டீக்கடையில் அம்மா முதல்முதலாக அவரிடம் வாயைத் திறந்து கேட்டது அந்தக் கேள்வியைத்தான். அந்த ஆள் என்ன செய்தான் என்று. உள்ளதைச் சொல்லியிருந்தால் அவள் டீயைக் குடித்துவிட்டுப் போயிருப்பாள். அவர் இல்லையென்று சாதித்தார். மறுநாள் அவள் புது ஆதாரத்தோடு வந்தாள். அதற்கு மறுநாள் இன்னொன்றோடு வந்தாள். அப்படியே கல்யாணமும் ஆகிவிட்டது, பாப்புவும் பிறந்துவிட்டாள், உண்மையைச் சொல்லத்தான் தோதான நாள் அமையவில்லை. இப்போது போகிற நேரத்தில் தன்னை ஒரு புளுகனாக அவள் பார்த்துவிட்டுப் போகப்போகிறாளே என்றுதான் அவருக்குப் பயம்.

"நாலே நிமிஷம்தான் அந்த சீன்," என்றார். "நான் இருமறேன். நீ அதைத் தாண்டி ஓட்டி விட்டுடு."

முதலாளியே கெஞ்சியும் ஒரு அடி பிலிமைக்கூடத் தாண்டி ஓட்டாத மனிதர். அவர் வாயால் இதைக் கேட்க பாப்புவுக்குச் சிரிப்புதான் வந்தது. சரி என்றாள்.

அம்மாவை மூன்று தலையணைகளில் சாய்த்து வைத்தார்கள். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போடச் சொன்னாள். படம் ஆரம்பித்தது. இரண்டாம் பாதியில் நரைத்துத் தளர்ந்து வருகிறவர் இதில் மீசையை முறுக்கிக்கொண்டு வந்தார். அம்மா அவரைப் பார்த்துப் பழைய சிநேகிதரைப் போலச் சிரித்தாள். சின்னப் பெண்ணாக வந்த மகளைப் பார்த்து, பல் அப்போதே அப்படித்தானா என்றாள். ஒரு மணி நேரம் அவள் தூங்கவுமில்லை, வலி என்று முனகவுமில்லை. பாப்பு ரிமோட்டின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பக்கத்து பிரேக்கின் மேல் காலை வைத்திருப்பது போலத்தான் இருந்தது அவளுக்கு.

படத்தில் மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. மறுநாள் காலை ரயில். அவள் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத் தூங்கினாள். கட்டிலோரம் இருந்த அப்பா தொண்டையைச் செருமினார்.

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "தண்ணி வேணுமா?" என்றாள்.

பாப்பு அப்பாவைப் பார்த்தாள். அப்பா அம்மாவின் பாதத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"வேணாம்," என்றார். "ஓடட்டும்."

திரையில் கடிகாரக்காரர் முக்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு ஏறினார். கடிகாரத்தின் கண்ணாடியைத் திறந்து, பெரிய முள்ளை நாற்பது நிமிடம் பின்னால் தள்ளினார். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்து மூடிவிட்டு, மகளின் போர்வையைச் சரிசெய்தார். அடுத்த காட்சியில் மகள் ரயில் போய்விட்ட நடைமேடையில் பெட்டியோடு நின்றாள்.

அம்மாவின் தோள் குலுங்கியது. பாப்பு பதறி எழுந்தாள். பார்த்தால், அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு போதாமல் நிறுத்தி நிறுத்திச் சிரித்தாள்.

"கடிகார ரிப்பேர்காரன்," என்றாள். "ரெண்டாம் பாதி முழுக்க ஒரு கடிகாரத்தைக்கூட நிமிர்ந்து பாக்க மாட்டான். அப்பவே சொன்னேன்."

"சொன்னே," என்றார் அப்பா.

"தெரிஞ்சேதான் இல்லைன்னீங்களா ஆப்பரேட்டரே? நாப்பத்தோரு வருஷமா?"

"ஆமாம்."

"ஏன்?"

"ஒத்துக்கிட்டிருந்தா பேச்சு அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

அம்மா அவர் பக்கம் திரும்பினாள். எது வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"கல்யாணத்துக்கு அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீ ஜெயிச்சா சும்மா விடுவியா?"

"விடமாட்டேன்," என்றாள் அம்மா. "இப்பவும் விடமாட்டேன். சன்னலைத் திறந்து சத்தமாச் சொல்லுங்க. தையல்காரருக்குக் கேக்கணும்."

அடுத்த வீட்டுத் தையல்காரர் அந்த வழக்கில் ஆரம்பத்திலிருந்தே அப்பா பக்கம். அப்பா எழுந்து சன்னலைத் திறந்தார். அவ சொன்னதுதான் சரி என்று தெருவைப் பார்த்துக் கத்தினார். தையல் மெஷின் நின்றது. யார் என்று தையல்காரர் அங்கிருந்து கேட்டார். என் பொண்டாட்டி என்று அப்பா இன்னும் பெரிதாகக் கத்தினார். தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். அம்மாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைப் பாப்பு பல மாதமாகப் பார்க்கவில்லை. அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மூன்று பேரும் சிரித்து முடிக்கவும் திரையில் 'இடைவேளை' என்று விழவும் சரியாக இருந்தது. பாப்பு படத்தை அங்கேயே நிறுத்தினாள்.

"கொஞ்சம் கண்ணை மூடிக்கிறேன்," என்றாள் அம்மா. "இடைவேளை முடிஞ்சா எழுப்புங்க."

பாப்பு டீ போடப் போனாள். அம்மாவுக்கு இரண்டு ஸ்பூனாவது ஆற்றிக் கொடுக்கலாம் என்று மூன்று டம்ளர்களைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். அப்பா கட்டிலோரம் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"ரெண்டு போதும்மா," என்றார்.

மறுநாள் நிறையப் பேர் வந்தார்கள். தியேட்டரில் தரையைப் பெருக்கியவர் வந்தார், டீக்கடைக்காரரின் மகன் வந்தான், தையல்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்தார். யாரோ ஒரு சொந்தக்காரர் நல்லெண்ணத்தில் செல்போனில் சோக இசை ஒன்றை வைத்தார். அப்பா அவரிடம் போய், அவளுக்கு வயலின் ஆகாது, அணைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நேற்று எதற்குக் கத்தினீர்கள் என்று தையல்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அப்பா டீக்கடையிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னார். தையல்காரர் சிரித்துவிட்டு, சிரித்துவிட்டோமே என்று வாயைப் பொத்திக்கொண்டார். அதன் பிறகு வந்தவர் ஒவ்வொருவருக்கும் அப்பா அதைச் சொன்னார். அவள் சரி, நான்தான் புளுகினேன் என்று சொல்லும்போதெல்லாம் அவர் முதுகு நிமிர்ந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் வாசலில் சிரித்துக்கொண்டு நின்றார்கள். பாப்பு ஒரு மூலையில் நின்று கண்ணைத் துடைத்தாள். அம்மா இதைப் பார்த்திருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறாவது போட்டிருப்பாள் என்று நினைத்தாள்.

வண்டி வந்து, எல்லாம் முடிந்து, மாலையில் வீட்டில் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். தொலைக்காட்சியை யாரும் தொட்டிருக்கவில்லை. பாப்பு ரிமோட்டை அழுத்தியதும் நேற்று நிறுத்திய 'இடைவேளை' அப்படியே திரும்ப வந்தது.

மீதியைப் பார்க்கலாமா என்று அப்பா கேட்டார். தானே எத்தனையோ தடவை ஓட்டிய படம்தான், இருந்தாலும் அந்த ஆள் கடிகாரத்தைப் பார்க்கிறானா இல்லையா என்று தான் ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை என்றார். பாப்பு தலையசைத்தாள். சோபாவின் நடுவில் உட்காரப் போனவளைக் கையைப் பிடித்து அந்தப் பக்கமாக நகரச் சொன்னார். கதவோரத்து இடம் காலியாக இருந்தது.

பிறகு அவர் சுவரோரம் போய் விளக்கை அணைத்து ஏற்றினார். மறுபடி அணைத்து ஏற்றினார். ஸ்விட்சின் மேல் விரலை வைத்தபடி அங்கேயே நின்றார். ஒரு கவுன்டரைப் பூட்டி, முன்கூடத்தைத் தாண்டி, இருட்டில் கடைசி நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றார்.

"இப்பப் போடும்மா," என்றார்.