கறுப்பு ஒயர்

கல்லறை மேட்டில் பாதி ஏறியதும் வெப்ப ஊசி சிவப்பைத் தொட்டது. அடுத்த வளைவுக்குள் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பி, முன்னால் நடந்துகொண்டிருந்த பாதிரியாரின் அங்கியை மறைத்தது. ஒப்ரென் வண்டியை ஓரங்கட்டி என்ஜினை நிறுத்தினான். பிக்கப்பின் திறந்த தட்டில் அவனுடைய அப்பா வுகோசாவ் பெட்டிக்குள் கிடந்தார். அதற்குப் பின்னால் கறுப்பு உடையில் ஊரே நின்றது.

தன்னைத் தன் வண்டியில்தான் கொண்டுபோக வேண்டும் என்று கிழவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகஸ்ட் வெயிலில், நடை வேகத்தில், இந்த மேட்டை ஏறினால் அந்தப் பழைய என்ஜின் கொதிக்கும் என்று ஒப்ரெனுக்குத் தெரியும். அதற்காகவே பழைய இரும்புக் கடையில் ஒரு மின்விசிறி வாங்கி ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்தினான். கிழவர் கட்டிலை ஜன்னலோரம் இழுக்கச் சொல்லி, அங்கிருந்தபடியே வேலை வாங்கினார். ஃபியூஸ், ரிலே, சூடேறினால் தானே விசிறியைப் போட்டுவிடும் சுவிட்ச், எல்லாம் ஒழுங்காக வந்தது. மிஞ்சியவை விசிறியின் இரண்டு ஒயர்கள்.

"கறுப்பு பேட்டரிக்கு. நீலம் பாடிக்கு."

"கறுப்புதானேப்பா எர்த்து?"

"ஆயுசு பூரா ஒயர் பிடிச்சவன் நானா, நீயா? இந்த மாடல்ல கலர் மாறும். சொன்னதைச் செய், மாட்டுத் தலையா."

விசிறி சுற்றியது. கிழவர் கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டார். "நல்லா செஞ்சிருக்கடா" என்றார். ஐம்பதை நெருங்கும் ஒப்ரென் அவரிடம் கேட்ட முதல் நல்ல வார்த்தை அதுதான். சாப்பிடும்போது மனைவி ஸ்தானாவிடம் அதை இரண்டு தரம் சொன்னான். அடுத்த வாரம் கிழவர் போய்ச் சேர்ந்தபோது, அழுகைக்கு நடுவிலும் அந்த வார்த்தை அவனுக்குத் துணையாக இருந்தது.

பானெட்டைத் தூக்கினான். விசிறி பிசாசாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு ஏன் கொதித்தது என்று அவனுக்குப் புரியவில்லை.

முதுகுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அப்பாவின் சீட்டாட்டக் கூட்டாளி ஜிவ்கோ. சிலுவை போட்டுக்கொண்டே தோள் குலுங்க நின்றார்.

"படுபாவி, ஜெயிச்சுட்டான்."

"யாரு சித்தப்பா?"

"உங்கப்பன்தான். ஒரு பாட்டில் பந்தயம். ஒயரை மாத்திச் சொல்லிட்டேன், விசிறி காத்தை உள்ள இழுக்காம வெளிய தள்ளும், என் சாவுக்கே வண்டி பாதி மேட்டுல நிக்கும்னான். காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பையன் கையை வெச்சாவது பார்ப்பான்னு நான் சொன்னேன். உன்னை நம்பித்தான்டா தோத்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அப்புறம் என்ன பந்தயம்?" ஜிவ்கோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ முழிக்கிற முழியைப் பார்க்கக் கொடுத்துவைக்கலையேன்னு மட்டும் வருத்தப்பட்டான்."

"நல்லா செஞ்சிருக்கன்னு சொன்னாரே, சித்தப்பா."

"பின்ன? சொல்லலேன்னா நீ பிரிச்சுப் பார்த்திருப்ப."

ஊர் பார்க்க நின்ற வெட்கத்தை ஒப்ரென் தாங்கிக்கொள்வான். கையிலிருந்த அந்த ஒரே வார்த்தையும் போனதுதான் நெஞ்சை அறுத்தது.

ஆறு பேர் பெட்டியை இறக்கித் தோளில் வைத்தார்கள். "மகன் முன்னால வரணும்" என்றார் பாதிரியார்.

"நீங்க நடங்க ஃபாதர். வண்டியைப் பார்த்துட்டு வரேன்."

ஸ்தானா அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கூட்டத்தோடு நடந்தாள்.

காலையில் கம்பங்களில் ஒட்டியது போக மீந்த மரண அறிவிப்புகள் சீட்டில் கிடந்தன. கறுப்புக் கட்டத்துக்குள் அப்பாவின் படம். ஒரு தாளை எடுத்து முன் கிரில்லுக்கு நேரே பிடித்தான். அது அவன் முகத்திலேயே வந்து அடித்தது.

இரண்டு ஒயர்களையும் பிடுங்கி மாற்றிச் செருகினான். ஒரு நிமிட வேலைதான். இப்போது தாளைக் காட்டியதும் விசிறி அதைப் பிடுங்கிக் கிரில்லோடு ஒட்டிக்கொண்டது. கம்பிகளின் மேல் அப்பாவின் முகம் சுருக்கமில்லாமல் நின்றது.

மேலே மணி அடித்தது. பாட்டு கேட்டது. பிறகு மண் விழும் சத்தம். ஒப்ரென் மட்கார்டில் சாய்ந்து நின்றான்.

ரேடியேட்டர் ஆறியதும் விசிறி தானாக நின்றது. தாள் நழுவி முன் சக்கரத்தடியில் விழுந்தது. அவன் தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, பானெட்டைச் சாத்தினான். குனிந்து தாளைப் பார்த்தான். அதை எடுக்காமல் ஏறி உட்கார்ந்து, முதல் கியரைப் போட்டு, வண்டியை மேலே எடுத்தான்.