டீச்சரின் தங்கை படித்த ஏழு பாடங்கள்

பதினெட்டு வருடங்களாக ஆங்கிலம் கற்பிக்கும் அக்காவின் வகுப்பில் ஒரு நாளும் பெய்யாத வெண்பனி, தங்கை முதல் பாடத்தைப் பிரித்த செவ்வாய்க்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையின் மேல் பெய்தது. அதுவும் தங்கை உட்கார்ந்திருந்த பாதியில் மட்டும். கதை நடக்கும் இடமும் காலமும் சேர்ந்ததே அதன் களம் என்ற வரியை அவள் விரல் வைத்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் பார்க்கும் அக்காவின் கணவர் உருகியதை வாளியில் பிடித்தார். ஒன்றரை வாளி வந்தது. நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, "நம்ம குழாய்த் தண்ணிய விட நல்லாத்தான் இருக்கு" என்றார். அக்கா தன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

தங்கை அந்த வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருந்தாள். பள்ளியில் ஆங்கிலத்தில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தட்டுத்தடுமாறித் தேறியவள். அந்தக் காலத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்த அக்கா நாலாம் நாளே புத்தகத்தை மூடி, "உனக்கு ஊசியும் நூலும்தான்டி" என்று எழுந்துவிட்டாள். முப்பத்தெட்டு வயதில் தங்கை யாரையும் கேட்காமல் தபால் வழியில் ஆங்கில இலக்கியப் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தாள். வந்த முதல் புத்தகம் இலக்கியத்தின் அடிப்படைக் கூறுகள் பற்றியது. அதில் இருந்த எல்லாமே அக்காவுக்கு மனப்பாடம்.

கதாபாத்திரங்கள் பற்றிய பாடத்தைப் படித்த வாரம், கதை முழுக்க ஒரே குணத்தோடு வரும் தட்டைப் பாத்திரம் ஒன்று கதவின் கீழ் இடுக்கு வழியாக உள்ளே வந்தது. காகிதக் கனத்தில் ஒரு ஆள். "நேரமாச்சு, நேரமாச்சு" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. ரவிக்கை வாங்க வந்த பெண்கள் அவனைப் பார்த்துவிட்டு, அவசரமாகப் பணம் கொடுத்துப் போனார்கள். உவமைப் பாடம் சேதமில்லாமல் கழிந்தது. உருவகப் பாடத்தின்போதுதான், பக்கத்து வீட்டுக்காரரின் வாய் ஒரு கத்தரிக்கோல் என்று தங்கை சொல்லிவிட, அந்த மனிதர் மூன்று நாள் கஞ்சி குடிக்க முடியாமல் தவித்தார். "இனிமே 'மாதிரி'ன்னு ஒரு வார்த்தை சேர்த்துக்கோம்மா" என்று அக்காவின் கணவர் கெஞ்சினார். உவமைக்கும் உருவகத்துக்கும் உள்ள அந்த ஒரு வார்த்தை வித்தியாசத்தை அக்கா ஆயிரம் பிள்ளைகளுக்காவது கரும்பலகையில் எழுதிக் காட்டியிருப்பாள். எவன் வாய்க்கும் ஒன்றும் ஆனதில்லை.

அக்காவுக்கு வயிறு எரிந்தது. வகுப்பில் களம் நடத்தும்போது, பேச்சின் நடுவே கூரையைப் பார்த்தாள். மின்விசிறியிலிருந்து தூசிதான் விழுந்தது. ஒரு மத்தியானம் தங்கை பித்தான் வாங்கப் போயிருந்த நேரம், அதே புத்தகத்தை எடுத்து, அதே பக்கத்தைத் துளி பிசகாத உச்சரிப்போடு மூன்று முறை வாய்விட்டுப் படித்தாள். மேசை காய்ந்தே கிடந்தது. மறுநாள் தலைமையாசிரியை கூப்பிட்டு, "உங்க தங்கச்சிய ஒரு நாள் நம்ம இலக்கிய மன்றத்துக்குக் கூட்டிட்டு வாங்களேன், டீச்சர்" என்றார். அன்று மாலை தபாலில் வந்த தங்கையின் ஹால் டிக்கெட்டை அக்கா ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் கட்டுக்குள் செருகி, பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

ஏழாம் பாடம், கதை யார் கண் வழியாகச் சொல்லப்படுகிறது என்பது. தங்கை அதைப் படித்து முடித்த நிமிடத்திலிருந்து, அக்கா பார்ப்பதெல்லாம் அவளுக்கும் தெரிந்தது. அக்கா அப்போது பீரோவைத் திறந்து, ஹால் டிக்கெட் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் மெஷின் நின்றது. தங்கை வந்து கதவருகே நின்றாள். திரும்பிப் பார்த்த அக்கா விடைத்தாள் கட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். தங்கையோ ஹால் டிக்கெட்டைக் கேட்கவில்லை. தேம்பித் தேம்பி அழுதாள்.

"உன் கண்ணுல நான் இவ்வளவு உயரமா இருக்கேனாக்கா? தலை கூரையில முட்டுது."

அக்காவுக்குச் சட்டென்று பொய் வரவில்லை. "ஆமா. எங்க திரும்பினாலும் நீதான் மறைக்கிற" என்றாள். பிறகு கட்டைப் பிரித்து ஹால் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தாள். தங்கை மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"பரீட்சை அன்னைக்கு மட்டும் கண்ணை மூடிக்கோக்கா. உன் கண்ணால பார்த்து எழுதினேன்னு நாளைக்கு நீயே சொல்லுவ."

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை வந்தது. அக்கா சமையலறை நாற்காலியில் கண்ணைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கணவர் காபி ஆற்றிக் கையில் கொடுத்தார், காரணம் கேட்கவில்லை. அக்காவின் மடியில் புத்தகம் இருந்தது. சரியான பக்கத்தைப் பார்த்தால் தங்கை தேறுவாள், தப்பான பக்கத்தைப் பார்த்தால் குழம்புவாள் என்பது அக்காவுக்குத் தெரியும். இரண்டாம் மணி நேரத்தில் பொறுக்கமுடியாமல் தப்பான பக்கத்தை விரலால் தேடிப் பிரித்து, துண்டை ஓரமாகத் தூக்கிவிட்டாள். ஆனால் கண் போனது எதிர்ச் சுவர்க் கடிகாரத்தின் மேல். வெட்கமாகப் போயிற்று. துண்டை முன்னைவிட இறுக்கிக் கட்டி, புத்தகத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"நடுவுல கடிகாரம் தெரிஞ்சுதுக்கா. நல்லவேளை, கடைசிக் கேள்விக்கு நேரம் பார்த்து எழுதினேன்" என்றாள் தங்கை, வந்ததும் வராததுமாக.

அறுபத்தொரு மதிப்பெண் வந்தது. அக்கா தெருவில் எல்லோரிடமும் தானே போய்ச் சொன்னாள், சொல்லும்போதெல்லாம் வயிறு எரிந்தது. எரிந்த ஒவ்வொரு முறையும் தங்கை ஒரு நூல் அளவு உயர்ந்தாள். முதலில் பாவாடைகளின் மடிப்பைப் பிரித்துவிட்டாள், பிறகு புதிதாக வெட்டிக்கொண்டாள். மூன்று வருடத்தில் பட்டமும் வாங்கி, முன்னறைக்குக் குனிந்து போகிறவளாகிவிட்டாள். நெற்றி இரண்டு முறை புடைத்ததும் அக்காவே கொத்தனாரைக் கூட்டிவந்தாள். அவர் தங்கையை நிற்கவைத்து அளந்து, வாசல் நிலையை நாலு விரல் உயர்த்தினால் போதும் என்றார்.

"ஒரு முழமா உயர்த்திடுங்க" என்றாள் அக்கா. "எம்.ஏ. சேரப் போறா."