ஆட்டுக்குத் துக்கம் என்று எழுதினேன்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஓர் ஆட்டின் வாலுக்கடியில் கிடைத்தது. மற்ற எழுத்தாளர்களுக்கு ரயில் பயணத்தில், பழைய கடிதத்தில், யாரோ விட்டுப்போன குடையில் எல்லாம் கதை கிடைக்கிறது. எனக்கு வாய்த்த இடம் அது.

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

தொடக்கம் ஒன்று: ‘விடாமல் பெய்த மழை ஓய்ந்ததும், பூமி தன் ஈரச் சேலையை வெயிலில் விரித்து —’

(பூமிக்குச் சேலை கட்டிவிட்டதும் எனக்கே கூச்சமாகிவிட்டது. நிறுத்திவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு: ‘தனிமை சில சமயம் நான்கு கால்களில் நின்றுகொண்டு —’

(இதை அக்கா படித்தால் நான் இரண்டு கால்களில் நிற்க முடியாது.)

தொடக்கம் மூன்று: என் அக்காவிடம் பதினான்கு செம்மறி ஆடுகள் இருக்கின்றன.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உண்மையும்கூட. இதையே வைத்துக்கொள்வோம்.

2

என் அக்காவிடம் பதினான்கு செம்மறி ஆடுகள் இருக்கின்றன. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதைச் சுற்றிக் கம்பி வேலி. வீட்டுக்கு முன்னால் மாமாவின் தையற்கடை. நடுவில் இருக்கும் அறையில் நான். நாவல் ஒன்றை முடிப்பதற்காக இரண்டு வாரம் தங்க வந்தேன். எட்டு மாதம் ஆகிறது. மாமா என்னை ‘எழுத்து’ என்று கூப்பிடுவார். ‘எழுத்து சாப்பிட்டாச்சா?’ என்று அக்காவிடம் கேட்பார். அதில் கிண்டல் இருக்கிறதா என்று இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மாமாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஊசியில் நூல் கோக்க அக்காவைக் கூப்பிடும் நிலைமை வந்தபிறகுதான் ஆஸ்பத்திரிக்குச் சம்மதித்தார். முதலில் வலது கண். அக்காவும் அவரும் மூன்று நாள் வெளியூர் போக வேண்டும். ஆடுகள் என் பொறுப்பு.

“காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஒவ்வொரு ஆட்டையும் கிட்டப் போய்ப் பாரு,” என்றாள் அக்கா.

“சரிக்கா.”

“ஜன்னல்லேருந்து இல்ல. கிட்ட.”

“சரிக்கா.”

“முக்கியமா வாலுக்கடியில. மழை விட்டு வெயில் அடிக்குது. ஈ வரும்.”

“வரட்டுமே. நம்ம வீட்டுக்குள்ளயும்தான் வருது.”

அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் மாமா வாசலிலிருந்து “பஸ்ஸு!” என்று கத்திவிட்டார். அவள் என்ன சொல்ல வந்தாள் என்பது எனக்கு மறுநாள் தெரிந்தது.

3

அன்று மாலை ஜன்னலோரம் உட்கார்ந்தேன். (ஆமாம். ஜன்னல்தான்.) ஆடுகளில் ஒன்றின் பெயர் டீச்சர். தாமதமாகத் தீவனம் கொண்டுபோனால் தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்க்கும். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தது மாதிரி நமக்குக் கை நடுங்கும். அந்த டீச்சர் அன்று வேலியோரம் தனியாக நின்றுகொண்டிருந்தது. எட்டு மாதமாக வராத வரிகள் அப்போது மளமளவென்று வந்தன. எழுதியது எழுதியபடி கீழே:

‘மந்தையை விட்டு விலகி அவள் மட்டும் நின்றாள். தலை தாழ்ந்திருந்தது. காலடியில் புல் கிடந்தும் வாய் வைக்கவில்லை. எதையோ நினைத்து, பொறுக்க முடியாமல், பின்னங்காலால் மண்ணை உதைத்தாள். தன் கடந்த காலத்தைப் பார்ப்பவள் போல் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தாள். சொல்ல முடியாத ஏதோ ஒரு துக்கத்தில் அவளுடைய வால் மட்டும் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது.’*

* இதை மூன்று முறை சத்தமாகப் படித்தேன். மூன்றாவது முறை கண் கலங்கியது. டீச்சருக்கு இல்லை, எனக்கு.

4

மறுநாள் காலை பத்து மணிக்கு அக்கா போன் செய்தாள். மாமாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டதாம். குரலில் சந்தோஷம் இருந்தது. நல்ல சமயம் என்று நினைத்துக் கேட்டேன்.

“அக்கா, ஒரு பத்தி எழுதியிருக்கேன். படிக்கட்டுமா?”

“படி, படி.”

எட்டு மாதத்தில் முதல் தடவையாக அப்படிச் சொன்னாள். நிறுத்தி நிதானமாகப் படித்தேன். முடித்ததும் மறுமுனையில் சத்தமே இல்லை.

“அக்கா? அழறியா?”

“டேய். அந்த வால் துடிக்குதுன்னு எழுதியிருக்கியே. அது கற்பனையா, நெஜமா?”

என் எழுத்தைப் பற்றி இவ்வளவு அக்கறையாக யாரும் கேட்டதில்லை.

“நெஜம்தான்க்கா.”

“கால ஒதைக்கிறது?”

“நெஜம்.”

“திரும்பித் திரும்பிப் பாக்கிறது?”

“அதுவும் நெஜம். கடந்த காலம் மட்டும் கற்பனை.”

“வாலுக்கிட்ட முடி நனைஞ்ச மாதிரி கறுப்பா இருக்கா?”

“அது அடுத்த பத்தியில வருதுக்கா.”

“அது துக்கம் இல்லடா, மடையா! புழு! புழு வச்சிருக்கு! ஆட்டை உசுரோட தின்னுக்கிட்டிருக்கு, நீ அதுக்குப் பத்தி எழுதிக்கிட்டு உக்காந்திருக்க!”

ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ “அமைதி, அமைதி” என்று அவளை அதட்டுவது எனக்கும் கேட்டது.

5

இங்கே கதையை நிறுத்திக் கொஞ்சம் கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது. அழகான வாக்கியம் எதுவும் வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பச்சையாக மின்னும் ஒரு வகை ஈ உண்டு. மழையும் வெயிலும் மாறி மாறி வரும் நாட்களில் அது ஈரமான, சாணம் ஒட்டிய கம்பளியைத் தேடிவந்து முட்டையிடும். ஆட்டுக்குக் கழிச்சல் இருந்து வாலடி அசிங்கமாகியிருந்தால் அதற்கு இன்னும் வசதி. ஒரு நாளுக்குள் முட்டை பொரிந்துவிடும். புழுக்கள் கம்பளிக்கு அடியில் மறைந்துகொண்டு தோலைத் தின்னும். வெளியே இருந்து பார்ப்பவனுக்கு ஆடு தனியாக நிற்பது தெரியும், காலை உதைப்பது தெரியும், வாலை ஆட்டுவது தெரியும். அதாவது நான் எழுதிய அனைத்தும் தெரியும்.

இவ்வளவையும் எனக்குப் போனில் சொன்னவர் கால்நடை டாக்டரம்மா. அவர் அப்போது வெகு தூரத்தில் ஒரு மாட்டின் பிரசவத்தில் இருந்தார். வந்துசேர இரண்டு மணி நேரம் ஆகுமாம்.

“அதுவரைக்கும் காத்திருக்காதீங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு முடிய வெட்ட ஆரம்பிங்க. ஆட்டைப் புடிச்சுக்க ஆள் இருக்கா?”

“நான் மட்டும்தான் மேடம்.”

சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

6

எனக்கே சந்தேகமாக இருக்கும் பாத்திரம் இவர்தான்: தபால்காரர். சரியாக அந்த நேரத்தில் ஒரு தபால்காரர் வருவார் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அவரை எடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரைக் கொண்டுவந்து பார்த்தேன். பக்கத்து வீடு பூட்டியிருந்தது. நானே ஒரு கையால் பிடித்து மறு கையால் வெட்டியதாகவும் எழுதிப் பார்த்தேன். டீச்சரின் எடை ஐம்பது கிலோ. ஆகவே, மன்னிக்கவும், தபால்காரரேதான் வந்தார். பதிப்பகம் திருப்பி அனுப்பிய என் முந்தைய நாவலைக் கொண்டுவந்தார். மூன்றாவது தடவை.

“சார், கையெழுத்து.”

“ஆடு பிடிப்பீங்களா?”

அவர் என்னைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார், சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. (பாத்திரங்கள் இப்படித்தான் இருக்க வேண்டும்.)

அடுத்த சிக்கல், கத்தரி. ஆட்டுக் கத்தரியை அக்கா சாணை பிடிக்கக் கொடுத்திருந்தாள். வீட்டில் மிச்சம் இருந்தது மாமாவின் துணி வெட்டும் கத்தரி. அதால் ஒரு துண்டுக் காகிதத்தை வெட்டினாலே மாமா ஒரு வாரம் பேச மாட்டார். எடுத்துக்கொண்டு ஓடினேன்.

தபால்காரர் டீச்சரின் கழுத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு கண்களை இறுக்கி மூடிக்கொண்டார். நான் வாலைத் தூக்கினேன். கறுத்த கம்பளியை விரலால் விலக்கினேன்.

‘அங்கே —’

‘ஏதோ ஒரு —’

உவமை வேண்டாம். புழுக்கள். நிறைய. அந்த நாற்றத்தைப் பற்றியும் எழுதப் போவதில்லை.

“ஒட்ட வெட்டுங்க,” என்றது போன். “புழு தெரியற இடத்தோட நிறுத்தாதீங்க. சுத்திலும் நல்ல தோல் வரணும், அதுக்கப்புறமும் மூணு விரல் அகலம் வெட்டுங்க.”

“பினாயில் ஊத்திடலாமா?” என்றார் தபால்காரர், கண்ணைத் திறக்காமலே.

“யாருங்க அது? ஊத்தாதீங்க! பினாயிலும் வேணாம், மண்ணெண்ணெயும் வேணாம், புண்ணு வெந்துடும். வெட்டின முடியையும் கீழ போடாதீங்க. புழு மண்ணுக்குள்ள போயிட்டு ஈயா வரும். ஏதாவது ஒரு பையில போட்டுக் கட்டுங்க, அப்புறம் எரிச்சுடலாம்.”

பை இல்லை. நாவல் வந்த பழுப்பு உறை இருந்தது. உள்ளே இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் மதில் மேல் வைத்துவிட்டு, உறைக்குள் கம்பளியையும் புழுவையும் அள்ளி அள்ளிப் போட்டேன்.

“தாங்கும் சார், நல்ல கவர்,” என்று ஆறுதல் சொன்னார் தபால்காரர்.

உள்ளங்கை அளவு இருக்கும் என்று நினைத்த புண் இரண்டு கை அளவு வந்தது. முந்தின நாள் மாலையே கிட்டப் போயிருந்தால் இதில் பாதிகூட இருந்திருக்காது. டீச்சர் கத்தவில்லை, திமிறவில்லை. அப்படியே நின்றது. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். “தெரியாம பண்ணிட்டேன்” என்று அதனிடம் சொன்னேன். தபால்காரர் தன்னிடம் சொல்வதாக நினைத்து, “பரவாயில்ல சார்” என்றார்.

7

டாக்டரம்மா வந்தார். மிச்சப் புழுக்களை எடுத்தார், புண்ணைக் கழுவினார், துடைத்து மருந்து போட்டார், இரண்டு ஊசி குத்தினார். மற்ற பதின்மூன்று வால்களையும் தூக்கிப் பார்த்தார். இரண்டில் முட்டை மட்டும் இருந்தது. அங்கேயும் வெட்டச் சொன்னார். பிறகு கை கழுவிக்கொண்டே, “ஏதோ எழுதியிருக்கீங்களாமே, உங்க அக்கா சொன்னாங்க,” என்றார். பத்தியைக் காட்டினேன். நின்றபடியே படித்தார்.

“அறிகுறி ஒண்ணுகூட விடல. எங்க காலேஜ் பசங்ககூட இவ்வளவு சரியா எழுத மாட்டாங்க,” என்றார். “ஆனா ‘சொல்ல முடியாத துக்கம்’னு போட்டிருக்கீங்க பாருங்க, அது தப்பு. அது சாயங்காலத்துலேருந்து சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கு.”

“பொழைச்சுக்குமா மேடம்?”

“மூணு நாள் போகட்டும்.”

8

முடிவுகள்.

(அ) டீச்சர் இறந்துவிட்டது. இதை எழுதியே விட்டேன். தூறல் எல்லாம் போட்டிருந்தேன். அக்கா படித்துவிட்டு நான்காகக் கிழித்தாள்.

(ஆ) குற்ற உணர்வில் நான் நாவலைக் கொளுத்திவிட்டு எழுத்தையே விட்டுவிட்டேன். பொய். நாவல் இப்போதும் மதில் மேல்தான் இருக்கிறது. பறக்காமல் இருக்கச் செங்கல் வைத்திருக்கிறேன்.

(இ) நடந்தது: மூன்றாம் நாள் மாலை அவர்கள் திரும்பி வந்தார்கள். அக்கா பையைக்கூட இறக்காமல் நேராகக் கொட்டகைக்குப் போனாள். டீச்சர் நிழலில் படுத்திருந்தது. தண்ணீர் மட்டும் குடித்திருந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வாலைத் தூக்கிப் பார்த்தாள்.

“வாலடி முடிய போன வாரமே நான் வெட்டியிருக்கணும்,” என்றாள் ஆட்டிடம். “இவரு கண்ணு, கண்ணுன்னு அலைஞ்சதுல விட்டுட்டேன்.”

என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

மாமா கறுப்புக் கண்ணாடியோடு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து கத்தரியை எடுத்தார். வெந்நீரில் கொதிக்க வைத்துத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தேன். மோந்து பார்த்தார்.

“எழுத்து, இதால என்ன வெட்டின?”

“கம்பளி மாமா.”

கத்தரியைத் திறந்து மூடிப் பார்த்தார். “கம்பளின்னா துணியில சேத்திதான்,” என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார்.

நான்காம் நாள் டீச்சர் நாலு வாய் புல் தின்றது. ஐந்தாம் நாள் என்னை அந்தப் பார்வை பார்த்தது. எனக்குக் கை நடுங்கியது. இவ்வளவு சந்தோஷமாக என் கை நடுங்கியதே இல்லை.

9

இப்போது பதினான்கு ஆட்டுக்கும் வாலடியில் முடி கிடையாது. [அக்கா ஓரத்தில் எழுதியது: ‘கழிச்சலுக்குக் குடற்புழு மருந்து குடுத்தது, தினம் சாணம் அள்றது, டாக்டரம்மா முதுகுல ஊத்தச் சொன்ன ஈ மருந்து, எல்லாத்தையும் விட்டுட்ட. படிக்கிறவங்க ஆடு வச்சிருந்தா?’] சேர்த்துவிட்டேன் அக்கா.

எனக்கு ஒரு நோட்டும் கொடுத்திருக்கிறாள். தினம் இரண்டு வேளை ஆடுகளைப் பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். ஒரே நிபந்தனை, ‘போல’ என்ற சொல் வரக்கூடாது. நேற்றைய குறிப்பு: ‘டீச்சர் மந்தையோடு மேய்ந்தது. புண் காய்ந்திருக்கிறது. வால் சும்மா இருக்கிறது.’ அடக்கமாகச் சொல்கிறேன், நான் எழுதியதிலேயே இதுதான் சிறந்தது.

10

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் மாமாவுக்கு இடது கண் பாக்கி இருக்கிறது. அடுத்த வாரம் மறுபடியும் மூன்று நாள் ஆஸ்பத்திரி. வானமும் கறுத்துக்கொண்டு நிற்கிறது.

தபால்காரர் இப்போதெல்லாம் தபால் இல்லாவிட்டாலும் வருகிறார். டீச்சரைப் பார்க்கத்தானாம். அக்கா அவருக்கு நல்ல கப்பில் டீ கொடுக்கிறாள். அந்தக் கப்பை எட்டு மாதமாக நான் அலமாரியில்தான் பார்த்திருக்கிறேன். நேற்று அவர், “நான் வேணா மூணு நாள் லீவு போட்டுப் பாத்துக்கறேங்க்கா,” என்றார். “நான் இருக்கேனே,” என்றேன் நான். அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “பாக்கலாம்,” என்று உள்ளே போய்விட்டாள்.

என் வேலை இவ்வளவுதான். இதற்கு மேல் நான் எழுதினால் எனக்குச் சாதகமாகத்தான் எழுதுவேன். ஆகவே நீங்கள் சொல்லுங்கள்: உங்களிடம் பதினான்கு ஆடுகள் இருந்து, மழை வரும் வாரத்தில் மூன்று நாள் வெளியூர் போக வேண்டியிருந்தால், எங்கள் இருவரில் யாரிடம் விட்டுவிட்டுப் போவீர்கள்? அவசரமில்லை, நன்றாக யோசித்துச் சொல்லலாம். உங்கள் பதில் நான் என்றால் மட்டும், தயவுசெய்து அதைத் தபாலில் அனுப்பாதீர்கள்.