எலிக்குப் போட்ட அரிசி

அந்த விளையாட்டு மைதானத்தில் உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி வண்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. டீசல் வண்டி. அதை ஓட்டியவர் பெரிய சகலை. வண்டி நுழையாத மூலை முடுக்குகளில் கையால் தள்ளுகிற மெஷினோடு மல்லுக்கட்டியவன் சின்னவன். இரண்டு பேரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். அக்காவைக் கட்டியவருக்கு வண்டியின் சீட்டும், ஷெட்டை ஒட்டி இரண்டு அறை வீடும் கிடைத்தன. தங்கையைக் கட்டியவனுக்கு முதுகு வலியும், சந்துக்குள் ஒற்றை அறை வாடகை வீடும், 'தள்ளுவண்டி' என்கிற பட்டப்பெயரும். பொறுக்குமா? வயிறு எரிந்தது அவனுக்கு. எரிகிற வயிற்றோடு சிரித்துப் பேசவும் தெரிந்திருந்தது, அதுதான் கேடு.

வீட்டுக்குப் போனால் பெண்டாட்டி சும்மா விடுவாளா? "எங்க அக்கா வீட்டு ஜன்னலைத் திறந்தா காத்து வருது. நம்ம வீட்டு ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுக்காரரு இருமுறது வருது" என்பாள்.

சீசன் முடிந்து மைதானத்தை மூடுகிற வாரம் மேனேஜர் இரண்டு பேரையும் கூப்பிட்டார். "போன தடவை வண்டி கிளம்பாம ஆட்டமே நின்னு போச்சு. அடுத்த சீசன் முதல் நாள், சாவியைத் திருப்பினதும் கிளம்பணும். கிளம்பலைன்னா சீட்டுல வேற ஆளு" என்றார்.

வேற ஆளு என்றால் யார்? சின்னவனுக்கு அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

சகலை வண்டியைப் பத்திரப்படுத்திய அழகை என்ன சொல்ல! பெற்ற பிள்ளைக்குக்கூட அப்படிச் செய்திருக்க மாட்டார். கடைசி வெட்டு முடிந்ததும் வண்டியை வெளியிலேயே நிறுத்தி ஆறவிட்டார். "சூட்டோட உள்ள விடக்கூடாது தம்பி. ஒட்டியிருக்கிற காஞ்ச புல்லு பத்திக்கும்" என்றார். அடியில் அப்பியிருந்த புல்லைக் கட்டையால் சுரண்டி, கழுவி, துடைத்து, கிரீஸ் போட்டார். டேங்கில் காற்றுக்கு இடமில்லாமல் கழுத்துவரைக்கும் டீசல் ஊற்றினார். இடம் விட்டால் உள்ளே வேர்த்துத் தண்ணீர் கோத்துக்கொள்ளுமாம். பேட்டரியைக் கழற்றிப் பலகைமேல் வைத்தார். புகைக்குழாய் வாயில் துணியை அடைத்தார். கடைசியாக எஞ்சின் மூடிக்குள்ளும் சீட்டுக்கு அடியிலும் அந்துருண்டைகளைப் போட்டார்.

"அது எதுக்குண்ணே?"

"எலிக்குத்தான். வண்டிக்கு எமனே எலிதான் தம்பி. ஒயரைக் கொறிச்சுடும்."

நல்ல மனுஷன். தனக்கு எங்கே அடித்தால் வலிக்கும் என்று தானே தொட்டுக் காட்டினார்.

ஷெட் சாவி அவனிடமும் ஒன்று இருந்தது. தள்ளுகிற மெஷினும் அங்கேதானே நிற்கிறது! கொஞ்ச நாள் பொறுத்தான். பிறகு ஒரு மத்தியானம், விளக்குமாறு எடுக்கப் போகிறவனைப் போல உள்ளே போய், அந்துருண்டைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிச் சாக்கடையில் போட்டான். எஞ்சின் மூடியைத் திறந்து ஒரு பிடி அரிசியைத் தூவினான். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் அரிசி காலி. அடடா! மறுபடியும் ஒரு பிடி. இப்படியே மைதானம் மூடியிருந்த காலம் முழுக்க எலிக்குப் படியளந்த புண்ணியவான் அவன். சொந்த மச்சினிக்கு ஒரு வேளைச் சோறு போட்டதில்லை.

மைதானம் திறக்கிற நாள் வந்தது. சகலை துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். பேட்டரியைப் பின்பக்கப் பெட்டியில் மாட்டினார். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சாவியைத் திருப்பினார் சகலை. சத்தமே இல்லை. மறுபடி திருப்பினார். அவருடைய காது மடல் சிவந்துபோயிற்று. மெக்கானிக்கைக் கூப்பிட்டு மூடியைத் திறந்தபோது ஓர் எலி துள்ளி மேனேஜருடைய ஷூமேல் ஏறி ஓடியது. உள்ளே பார்த்தால் சீட்டுப் பஞ்சில் கூடு, கூட்டில் குஞ்சுகள், ஒயரெல்லாம் நார் நார். கூட்டைச் சுற்றி அரிசி.

"இது ஷெட்டா, சமையல்கட்டாய்யா?" மேனேஜர் கத்தினார்.

"சார், நான் அந்துருண்டை போட்டேன் சார்..."

"எங்கே? ஒண்ணு காட்டு பாப்போம்!"

சகலை குனிந்து துழாவினார். சீட்டைத் தூக்கிப் பார்த்தார். மண்டி போட்டு வண்டிக்கு அடியிலும் தேடினார். வேலையாட்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். துவைத்த சட்டையெல்லாம் கரி. சின்னவன் எட்ட நின்று பார்த்தான். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் எதற்கு?

"அரிசி உன் வீட்டு அரிசி. எலி உன் வீட்டு எலி. குடும்பத்தை ஷெட்டு பக்கத்துல குடி வச்சதே என் தப்பு" என்றார் மேனேஜர். சகலைக்கு வேலை போயிற்று. வாரத்துக்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். சீட்டு சின்னவனுக்கு. சரி, வீடு? அவன் பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டான்.

"இனிமே அங்க யாரும் சமைக்கக் கூடாது. ஈரம் இல்லாத இடம், கதவும் நல்லா இருக்கு. வண்டியை அங்க நிறுத்திடலாம்" என்றார் மேனேஜர்.

காற்று வருகிற ஜன்னல் வண்டிக்குப் போயிற்று.

அதோடு விட்டதா? வீடு போனவர்கள் எங்கே போவார்கள்? கூடப் பிறந்தவள் இருக்கிற இடத்துக்குத்தான். ஒற்றை அறையில் சகலை, மச்சினி, அவர்களுடைய இரண்டு பெண்கள், பாத்திரம், பண்டம் எல்லாம் வந்து இறங்கின. காலை நீட்ட இடமில்லை. குளிக்க வரிசை. இதில் சகலை வேறு தினமும் நன்றி சொன்னார். "நீ இருக்கப் போய்த் தெருவுல நிக்காம இருக்கோம் தம்பி" என்பார். அதைக் கேட்கிறபோதெல்லாம் அவனுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும்.

"தள்ளுற மெஷினுக்கு ஆள் வேணும்னீங்களே, அத்தானைச் சேத்து விடுங்களேன். வேலை கிடைச்சா தனியா வீடு பாத்துப் போயிடுவாங்க. எனக்கும் மூச்சு முட்டுது" என்றாள் பெண்டாட்டி. நியாயமான பேச்சு. அவனும் தலையாட்டினான். சகலை தானே போய் மேனேஜரிடம் கேட்டும் வந்தார்.

மேனேஜர் இவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "உன் சகலை தள்ளுறதுக்கு வரேங்கிறான். கெஞ்சுறான், பாவமாவும் இருக்கு. நீ என்ன சொல்றே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த மனுஷன் தினமும் பக்கத்திலேயே நின்று, தம்பி தம்பி என்று கூப்பிட்டு, வண்டியை ஆறவிடு, டேங்கை நிரப்பு என்று சொல்லிக்கொண்டே இருப்பதை நினைத்தான். ஒரு நாள் மேனேஜருக்கே தோன்றும், இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறவனா அரிசியைச் சிந்தினான் என்று.

"வேண்டாம் சார். சொந்தக்காரர்தான், ஆனா சோம்பேறி. வண்டி மூடிக்குள்ள சாப்பாட்டை வச்சுத் தின்னுட்டு எனக்கே வேணுமான்னு கேப்பாரு."

சொல்லிவிட்டுத் திரும்பினான். பதில் தெரிந்துகொள்ள வந்த சகலை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகவே அவனுக்குக் கால் வரவில்லை. போனால் சண்டை இல்லை, கூச்சல் இல்லை. "வேற ஆள் எடுத்துட்டாங்களாம். தம்பி எவ்வளவோ சொல்லிப் பாத்தான்" என்று சகலை வீட்டுப் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அத்தானுக்காக இவ்வளவு பேசினீங்களா?" என்று பெண்டாட்டி அவனைப் பெருமையாகப் பார்த்தாள்.

பெண்கள் எல்லாரும் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனதும் அவன் மெல்ல, "அண்ணே, வந்து..." என்று ஆரம்பித்தான்.

"பேசாதே" என்றார் சகலை. கண் கலங்கவில்லை, குரலும் ஏறவில்லை. "எப்ப நான் மூடிக்குள்ள வச்சுத் தின்னேன்னு சொன்னியோ, அப்பவே அந்த அரிசி யாரு போட்டதுன்னு தெரிஞ்சு போச்சு. உன் குரல்வளையைப் பிடிக்கணும் போலத்தான் இருக்கு. ஆனா போக்கிடம் இல்லாதவன் சண்டை போட முடியுமா? எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. நீ போடுற சோத்தைத் தின்னுட்டு இங்கயேதான் கிடப்பேன். தினமும் நீ என் மூஞ்சியைப் பாரு."

பெண்கள் குடத்தோடு திரும்பி வந்தார்கள். தட்டுகளை வைத்தார்கள். இடம் போதாததால் இரண்டு ஆண்களும் முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்தார்கள். "தம்பிக்கு முதல்ல போடுங்க. உழைச்சுட்டு வந்திருக்கான்" என்றார் சகலை.